கால் நரம்பு சுருட்டல்: ஊசியா, சூடா, பசையா, கத்தியா?

சித்தப்பா மதுரையில் தோசை மாஸ்டர். முப்பது வருடத்துக்கு மேல் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறார். காலை ஐந்தரைக்கு நின்றால் பதினொன்று வரை, மறுபடி மாலை நான்கிலிருந்து கடை சாத்தும் வரை. போன கார்த்திகையில் வீட்டுக்கு வந்தவர், வேட்டியை மடித்துக்கொண்டு வலது காலைக் காட்டினார். தொடையின் உட்பக்கத்தில் தொடங்கி ஆடுசதை வரை விரல் தடிமனுக்கு ஒரு நரம்பு நெளிந்து நெளிந்து இறங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்து, மினுமினுத்து, தொட்டால் பலகை மாதிரி இருந்தது. கையில் மூன்று எஸ்டிமேட் சீட்டு. ஒன்றில் லேசர், ஒன்றில் பசை, இன்னொன்றில் நரம்பையே உருவி எடுக்கும் ஆபரேஷன்.

"எதுடா தம்பி பண்றது? மூணு பேரும் அவங்கவங்க சரக்குதான் நல்லதுங்கிறாங்க."

அதே வாரம் தங்கை போன் செய்தாள். தொடையின் வெளிப்பக்கம் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள், பேனாவால் கிறுக்கியது போல. "அண்ணா, எனக்கும் சித்தப்பா மாதிரி ஆயிடுமா? ஏப்ரல்ல கல்யாணம் வேற இருக்கு."

வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான். நான் மருத்துவன் இல்லை. ஆனால் சித்தப்பாவோடு நான்கு மாதம் அலைந்ததிலும், உட்கார்ந்து படித்ததிலும் தெரிந்துகொண்டதை வரிசையாக வைக்கிறேன். முடிவை உங்கள் டாக்டரோடு எடுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

## நரம்பு என்கிறோம், அது நரம்பே இல்லை

'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்றுதான் ஊரே சொல்கிறது. இந்த ஒரு சொல்லால் சித்தப்பாவுக்கு நாலு வருடம் வீண். நரம்பு என்று சொன்னதும் மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தோல் கருத்து அரிக்க ஆரம்பித்ததும் படை என்று களிம்பு கொடுத்தார்கள். கோளாறோ ரத்தக்குழாயில் இருந்தது.

காலுக்கு வந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்தான் இது. சிரை என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அது புடைத்து நெளிவதைத்தான் டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். ரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது ஆடுசதை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது குழாயைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் திரும்ப இறங்காதபடி உள்ளே இருக்கும் குட்டி வால்வுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. ஒரு கதவு பழுதானால் ரத்தம் இறங்கித் தேங்கும், குழாய் விரியும். விரிந்த குழாயில் அடுத்த கதவும் பொருந்தாது, அதற்கடுத்ததும் பொருந்தாது.

ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பிழியும் தசைக்கு வேலையே இல்லை. அடுப்புச் சூடு குழாயை இன்னும் விரிக்கும். தோசை மாஸ்டர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண், போக்குவரத்துப் போலீஸ், நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கும் டீச்சர் என்று எல்லோர் கதையும் இதுதான். பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை, வயது ஆகியவை அதன்மேல் சேரும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. ஸ்டூல் எத்தனை கடைக்கு வந்தது என்பது வேறு கதை.

டாக்டர் சீட்டில் 'சி' என்று போட்டு ஒரு எண் இருக்கும். சி1 என்றால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான சிலந்திக் கோடுகள், அல்லது 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் நீல வலை. சி2 அதற்கு மேல் தடித்துப் புடைத்த குழாய். சி3 வீக்கம், சி4 தோல் கருப்பது, கெட்டியாவது, கரப்பான் படை மாதிரி அரிப்பது. சி5 ஆறிப்போன புண், சி6 ஆறாத புண். சித்தப்பா சி4, தங்கை சி1. இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே அல்ல. சி1 என்பது படிப்படியாக ஏறி சி6-ல் போய் நிற்கும் ஏணியும் இல்லை. சிலந்திக் கோடுகள் பெரும்பாலும் பார்வைக்கு உறுத்துவதோடு சரி. கால் கனக்கிறது, மாலையில் வீங்குகிறது, ராத்திரி கெண்டை பிடித்து இழுக்கிறது என்றால் மட்டும் அடியில் பெரிய குழாய் ஏதும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் லேசரா பசையா என்று பேசுவதே வீண் பேச்சு.

சித்தப்பாவுக்கு முதலில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுக்க வைத்து டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார்கள். ரத்தக்கட்டி இல்லை, எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட். அவரும் நிம்மதியாகத் தோசை சுடப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் மறுபடி பார்த்தார், இந்த முறை நிற்க வைத்து. நானும் கூட இருந்தேன். உடல் எடையை இடது காலில் போட்டு, வலது காலைத் தளர்வாக வைத்துக்கொண்டு நின்றார் சித்தப்பா. டாக்டர் தொடை இடுக்கில் கருவியை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆடுசதையை ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். திரையில் நீலம் மேலே ஓடியது. கையை எடுத்ததும் நிற்க வேண்டிய ஓட்டம் சிவப்பாகத் திரும்பிக் கீழே கொட்டியது. ஸ்பீக்கரில் நீண்ட 'உஷ்ஷ்...' சத்தம். மேலோட்டமான குழாயில் அரை விநாடிக்கு மேல் ரத்தம் பின்னால் வந்தால் வால்வு பழுது என்று கணக்கு. சித்தப்பாவுக்கு விநாடிக் கணக்கில் வந்தது.

ஆகவே நின்றபடி எடுத்த ஸ்கேன் கேளுங்கள். ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தக் குழாயில் கசிவு, எங்கிருந்து எதுவரை, ஆழத்தில் இருக்கும் பெரிய குழாய்கள் திறந்திருக்கின்றனவா. பழைய ரத்தக்கட்டியால் ஆழக் குழாய் அடைத்திருந்தால், மேலே புடைத்திருக்கும் குழாய்தான் ரத்தத்துக்கு மாற்றுப்பாதை. மெயின் ரோடு அடைத்துக் கிடக்கும்போது சந்து வழியையும் மூடக்கூடாது.

மற்றவை சட்டென்று சொல்லிவிடலாம். ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வருமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? தினக்கூலிக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் இந்தக் கேள்வியின் எடை ஒன்றல்ல. மொத்தச் செலவு என்ன, அதாவது எஸ்டிமேட்டில் இல்லாத ஸ்டாக்கிங், மறு ஸ்கேன், இரண்டாவது சிட்டிங் எல்லாம் சேர்த்து? தோலில் கறை நிற்குமா? நம் மாநிறத் தோலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடைசியாக, சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கர்ப்பம் போன்றவை குறுக்கே நிற்கின்றனவா?

## ஸ்டாக்கிங், மாத்திரை, நடை

ஸ்டாக்கிங் எதையும் குணப்படுத்தாது, ஆனால் காலைத் தாங்கிப் பிடிக்கும். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் நெய்த உறை, தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது. கனம், வீக்கம், வலி குறையும். கழற்றி வைத்தால் பழைய கதைதான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2013-லேயே, ஒழுகும் குழாயை மூட வாய்ப்பு இருக்கிறவர்களுக்கு ஸ்டாக்கிங்கை மட்டும் கொடுத்து உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மறைசெலவு இங்கே நிறைய. நல்ல ஜோடி சில ஆயிரம் ரூபாய் ஆகும். எலாஸ்டிக் தளர்ந்துவிடுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் அளவெடுத்து வாங்க வேண்டும். பெட்டியில் 'கிளாஸ் 2' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் அளவில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், பிரிட்டிஷ் அளவில் 18 முதல் 24. டாக்டர் சொன்ன அழுத்தத்தை எண்ணாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஊர் வெயில். சித்திரை மாதத்தில் அடுப்படியில் இதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்வது ஒரு தண்டனைதான். சித்தப்பா பதினொரு நாள் தாங்கினார். குனிய முடியாத வயதானவர்களுக்கு மாட்டிவிட வீட்டில் ஆள் வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. சர்க்கரை நோயாளிகள், புகை பிடிப்பவர்கள், கொஞ்சம் நடந்தாலே கெண்டை வலித்து நின்று நின்று போகிறவர்கள், காலுக்கு வரும் ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் இறுக்கமான ஸ்டாக்கிங் போடக்கூடாது. வரும் ரத்தமே குறைவாக இருக்கும் காலை மேலும் இறுக்கினால் விரல் கருகும் வரை போகலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனை போதும்.

டயோஸ்மின் வகை மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. வால்வைச் சரிசெய்யும் எண்ணெயும் இல்லை; புடைத்த குழாயை அழுத்தி நீவுவதைவிடச் சும்மா இருப்பது நல்லது. இன்னொன்று: இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் பழியைக் குழாய்மேல் போடுவதற்கு முன் மாத்திரைப் பையைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும்.

கர்ப்பிணிகளுக்கு ஸ்டாக்கிங்தான் சரியான வழி. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பல குழாய்கள் தாமாகவே சுருங்கிவிடும், அதற்கு முன் கை வைக்க மாட்டார்கள். மயக்க மருந்தோ கீறலோ தாங்காத உடம்புக்கும் இதுதான் வழி.

## ஊசி: சிலந்திக் கோட்டுக்கு ராஜா, பெரிய குழாய்க்குச் சிப்பாய்

பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்தைக் குழாய்க்குள் செலுத்தினால் உட்சுவர் எரிச்சலடைந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பே அதைக் கரைத்துவிடும். மெல்லிய கோடுகளுக்கு மருந்தை நீராகவே போடுவார்கள். பெரிய குழாய்க்கு நுரையாக்கிப் போடுவார்கள். நுரை செய்வதைப் பார்த்தேன்: இரண்டு சிரிஞ்சு, நடுவில் ஒரு மூவழிக் குழாய், ஒன்றில் ஒரு பங்கு மருந்து, மற்றதில் நாலு பங்கு காற்று. இருபது தரம் இங்கும் அங்கும் தள்ளினால் ஷேவிங் நுரை மாதிரி வெள்ளையாகிவிடும். டெஸ்ஸாரி என்ற இத்தாலிய மருத்துவர் காட்டிய வழி.

தங்கை மாதிரி சி1-க்கு ஊசிதான் முதல் தேர்வு. தோலுக்கு மேலிருந்து அடிக்கும் லேசரும் உண்டு. ஆனால் மாநிறத் தோலில் அந்த ஒளியைத் தோலின் நிறமியும் உறிஞ்சுவதால் சுட்டுத் தழும்போ வெள்ளைத் திட்டோ விழும் பயம் அதிகம். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்.டி.யாக் லேசர் மற்றவற்றைவிட நம் தோலுக்குப் பாதுகாப்பானது. ஊசி நுழையாத மயிரிழைக் கோடுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. அழகு நிலையத்தில் முடி எடுக்கும் மெஷினால் இதையும் எடுத்துத் தருகிறோம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஊசியிலும் குறை உண்டு. ஒரே சிட்டிங்கில் முடியாது, சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். போட்ட இடத்தில் பழுப்புக் கறை விழலாம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மங்கும், சிலருக்குத் தங்கிவிடும். சிலருக்குப் பக்கத்தில் புதிதாகச் சிவப்பு மயிரிழைகள் பூக்கும். ஆகவே ஏப்ரல் கல்யாணத்துக்குப் பிப்ரவரியில் ஊசி போட்டால் மேடையில் கோட்டுக்குப் பதில் கறைதான் இருக்கும். தங்கையிடம் இதைச் சொன்னதும், "புடவை கட்டினா யாருக்குத் தெரியப்போகுது" என்று தள்ளிப் போட்டுவிட்டாள். காப்பீடும் இதை அழகு சிகிச்சைக் கணக்கில் வைத்துக் கைவிரித்துவிடும்.

பெரிய குழாய்க்கு நுரை போட்டால் செலவு குறைவு, மயக்க மருந்து வேண்டாம், அன்றே வேலைக்குப் போகலாம். திரும்ப வருவதுதான் அதன் சிக்கல். டென்மார்க்கில் 500 நோயாளிகளிடம் நுரை, லேசர், ரேடியோ அலை (இந்த இரண்டும் கம்பி நுழைத்துச் சுடும் முறைகள், அடுத்துச் சொல்கிறேன்), ஆபரேஷன் என்ற நான்கு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. ஒரு வருட முடிவில் நுரை போட்டவர்களில் 16 சதவீதம் பேருக்குக் குழாய் மூடாமலோ மறுபடி திறந்தோ இருந்தது. லேசர், ரேடியோ அலை, ஆபரேஷன் மூன்றிலும் அது 5, 6 சதவீதம்தான். வயதானவர், ஏற்கெனவே ஆபரேஷன் செய்து திரும்பி வந்தவர், கம்பி நுழைய முடியாதபடி வளைந்து நெளிந்த குழாய்க்காரர் ஆகியோருக்கு நுரை நல்ல வழி. முதல் முறை, நேரான பெரிய குழாய், இளம் வயது என்றால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

## சூடு: லேசரும் ரேடியோ அலையும்

விளம்பரங்களில் இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் மாதிரி பேசப்படுகின்றன. உண்மையில் பங்காளிகள்தான். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஊசித் துளை, அதன் வழியே மெல்லிய கம்பி, தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே வரை. பிறகு உள்ளிருந்தே குழாயைச் சுட்டுக்கொண்டு வெளியே இழுத்து வருவார்கள். ரேடியோ அலைக் கம்பியின் நுனி 120 டிகிரி வரை சூடாகி, 20 விநாடிக்கு 7 சென்டிமீட்டர் என்று மூடிக்கொண்டு வரும். லேசரில் இப்போது 1470 நானோமீட்டர் வகை பரவலாக இருக்கிறது. பழைய 810, 980 வகைகளைவிட வலியும் கன்றலும் குறைவு. எஸ்டிமேட்டில் வெறுமனே லேசர் என்று போட்டிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள்.

வலியே இல்லை என்று எழுதியிருப்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், பாதி உண்மை. சுடுவது வலிக்காது. அதற்கு முன் குழாயைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரைத் தொடை நெடுகப் பல இடத்தில் குத்தி ஏற்றுவார்கள், அதுதான் வலிக்கும். சித்தப்பா எண்ணினார், ஒன்பது குத்து. "சட்டுவம் பட்ட சூட்டை விடக் கம்மிதான்" என்றார். முடிந்து ஒரு மணி நேரத்தில் நடந்தே ஆட்டோ ஏறினார். அந்த டென்மார்க் ஆய்வில் வலி மிகக் குறைவாக இருந்தது ரேடியோ அலையில். லேசரும் ஆபரேஷனும் அதைவிடக் கூடுதல்.

ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் எது நிற்கிறது? பிரிட்டனில் 798 பேரிடம் லேசர், நுரை, ஆபரேஷன் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்து வருட முடிவு 2019-ல் வெளியானது. லேசரும் ஆபரேஷனும் செய்தவர்கள் நுரை போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சூட்டு முறையை முதலில் வைத்து, முடியாவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷன் என்று 2013-ன் பிரிட்டிஷ் வழிகாட்டி வரிசைப்படுத்தியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

சரி, மறைசெலவு? பெரிய குழாயை மூடினாலும் ஆடுசதையில் ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருக்கும் கிளைகள் நிற்கும். சிலருக்கு அவை தாமாகச் சுருங்கும், மற்றவர்களுக்கு ஊசி முனை அளவு துளை போட்டுக் கொக்கியால் எடுக்க வேண்டும், அல்லது நுரை போட வேண்டும். அது அந்த எஸ்டிமேட்டில் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சித்தப்பாவின் முதல் சீட்டில் அது இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் கம்பிதான் பில்லில் பெரிய தொகை. புதிய உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதில் தப்பில்லை. முழங்காலுக்குக் கீழே சுடும்போது பக்கத்தில் ஓடும் நிஜ நரம்பு சூடுபட்டுக் கொஞ்ச காலம் மரத்துப்போகலாம். ஆழக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து அரிது, ஆனாலும் உண்டு. அதனால்தான் மறுநாளிலிருந்தே நடக்கச் சொல்கிறார்கள், சில நாள் கழித்து மறு ஸ்கேன் எடுக்கிறார்கள்.

## பசை

சூடு இல்லை, தொடை நெடுகக் குத்துகளும் இல்லை. சயனோஅக்ரிலேட், அதாவது பொருள் ஒட்டும் பசையின் மருத்துவ உறவுக்காரர், சொட்டுச் சொட்டாக உள்ளே விடப்பட்டு வெளியிலிருந்து அழுத்தி ஒட்டப்படும். அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. ரேடியோ அலையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டதில் மூன்று வருடத்தில் இரண்டுமே 90 சதவீதத்துக்கு மேல் மூடியே இருந்தன. பெரும்பாலும் ஸ்டாக்கிங்கும் வேண்டாம்.

விலைதான் இடிக்கிறது, பொதுவாக இந்த வரிசையிலேயே இதுதான் அதிகம். பசை உடம்பிலேயே தங்கிவிடும். சிலருக்கு ஒவ்வாமையில் தொடை நெடுகச் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும், அரிதாக ஒட்டிய குழாயையே வெட்டி எடுக்க நேர்ந்திருக்கிறது. பிளாஸ்திரி, ஒட்டுப்பொட்டு, செயற்கை நகப் பசை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்கலாம். குத்து என்றாலே மயங்கி விழுபவர்கள், ஸ்டாக்கிங் போடவே முடியாதவர்கள், முழங்காலுக்குக் கீழே நெடுக ஒழுகல் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு, 'புதுசு' என்பதற்கு மட்டும் பணம் தர வேண்டாம் என்பேன்.

## கத்தி

தொடை இடுக்கில் குழாயை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, அதை உருவி எடுக்கும் பழைய முறை. இதை யாரும் இப்போது செய்வதில்லை என்று ஒரு கிளினிக்கில் சித்தப்பாவிடம் சொன்னார்கள். அப்படி இல்லை. கைதேர்ந்தவர் செய்தால் ஐந்து வருட முடிவு லேசருக்கு ஈடாகவே இருக்கிறது. மிகவும் விரிந்து தோலை ஒட்டி ஓடும் குழாய், பழைய அழற்சியால் உள்ளே தழும்பேறிக் கம்பி நுழையாத குழாய் இவற்றுக்கு இன்றும் இது வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறையே இருக்கிறது. கையில் பணம் இல்லை என்பதற்காகக் காலை அழுகவிட வேண்டியதில்லை.

முதுகில் ஊசி போட்டுச் செய்தால் ஓரிரு நாள் படுக்கை, நின்று செய்யும் வேலைக்கு ஓரிரு வாரம் விடுப்பு, தொடை நெடுகக் கன்றல், இடுக்கில் தையல். கட்டிய இடத்தில் பல வருடம் கழித்துப் புதுக் குழாய்கள் முளைப்பதும் உண்டு. 'ஆபரேஷன் பண்ணியும் திரும்பி வந்துருச்சு' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

| | ஸ்டாக்கிங் | ஊசி / நுரை | லேசர், ரேடியோ அலை | பசை | ஆபரேஷன் |
|---|---|---|---|---|---|
| சிலந்திக் கோடு | மறையாது | முதல் தேர்வு | இந்தக் கம்பி முறை தேவையில்லை | தேவையில்லை | தேவையில்லை |
| பெரிய குழாய் | தாங்கும், தீர்க்காது | திறந்துகொள்வது அதிகம் | முதல் தேர்வு | சூட்டுக்கு ஈடு | சூட்டுக்கு ஈடு |
| வேலைக்குத் திரும்ப | விடுப்பு இல்லை | அன்றே, மறுநாள் | சில நாள் | சில நாளுக்குள் | ஓரிரு வாரம் வரை |
| கையில் பிடிக்கும் செலவு | சிறிது சிறிதாக, நிற்காமல் | குறைவு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம். அரசில் குறைவு |
| எஸ்டிமேட்டில் ஒளிந்திருப்பது | ஆறு மாதத்துக்கு ஒரு புது ஜோடி | அடுத்த சிட்டிங், கறை | கிளைகளுக்குத் தனி பில் | ஒவ்வாமை | விடுப்பில் போகும் சம்பளம் |

காப்பீடு வைத்திருந்தால் பாலிசியில் இந்த நோய்க்கு 24 மாதக் காத்திருப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கிறது. அன்றே வீடு திரும்பும் சிகிச்சை என்பதால் முன் அனுமதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

## தள்ளிப்போடக்கூடாத கால்கள்

வலியில்லாத சி2-வை ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் பெரிய மோசமில்லை. சி4-லிருந்து கணக்கு மாறுகிறது. கருத்துக் கெட்டியான தோலில் ஒரு கொசுக்கடி புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். புண் வந்த பிறகும் கட்டுப் போட்டே ஓட்டிவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். 450 நோயாளிகளை வைத்துப் பிரிட்டனில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், கட்டோடு சேர்த்துக் குழாயையும் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. மூடுவதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது.

புடைத்த குழாய் சட்டென்று உடைந்து ரத்தம் பீய்ச்சினால் பயந்து பாத்ரூமுக்கு ஓடாதீர்கள், துணியால் கயிறு மாதிரி இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே நிற்கும். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, அதோடு மூச்சு வாங்கினாலோ அன்றே போங்கள்.

சித்தப்பா கடைசியில் ரேடியோ அலையை எடுத்துக்கொண்டார், ஆடுசதைக் கிளைகளைக் கொக்கி போட்டு எடுப்பதும் சேர்த்து. "நாளைக்கு இதய பைபாஸுக்கு இந்தக் குழாய் வேணும்பாங்களே" என்று கடைசி நிமிடத்தில் ஒரு சந்தேகம். இப்படி விரிந்து தொளதொளத்த குழாய் பொதுவாக அதற்கு உதவாது, மார்பிலும் கையிலும் வேறு குழாய்கள் இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். ஆறாம் நாள் கல்லுக்குத் திரும்பிவிட்டார். அரிப்பு ஒரு மாதத்தில் நின்றது. கருப்பு அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் மங்கினாலே அதிர்ஷ்டம் என்கிறார்கள். முதலாளியிடம் கேட்டு ஒரு உயரமான மர ஸ்டூல் வாங்கி வைத்திருக்கிறார். மாவு ஊற்றிவிட்டு அதில் அரை நிமிடம் சாய்கிறார், தோசை வேகும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். இடது காலிலும் கசிவு இருக்கிறது. அதைத் தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறார்.